களத்து நெல்லுக்குத் தார்ப்பாய்க் கூரை: எந்தக் கயிறு ஏற்றது? எப்படிக் கட்டுவது?

குறுவை அறுவடை மும்முரமாக நடக்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்கிறது. அக்டோபர் இருபது தேதி வாக்கில் தொடங்கும் இந்த மழை, களத்தில் நெல் கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. சம்பா, தாளடி அறுவடையாவது மழையின்றி நடக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது இல்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பருவம் தவறிப் பெய்த மழையால் டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற கதிரும், அறுத்துக் குவித்த நெல்லும் நனைந்தன.

இதனால் பெரும்பாலான சிறு விவசாயிகள் இன்று ஒரு தார்ப்பாயாவது வாங்கி வைத்திருக்கின்றனர். வேளாண்மைத் துறையின் சில திட்டங்களில் மானிய விலையிலும் தார்ப்பாய் தரப்படுவதுண்டு. உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டால் விவரம் தெரியும். ஆனால் தார்ப்பாய் வாங்கக் காட்டும் அக்கறையில் கால் பங்கு கூடக் கயிறு வாங்குவதில் காட்டப்படுவதில்லை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு கயிறு, நாலு செங்கல், இரண்டு கழி என்று வேலை முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் காற்று கிளம்பும்போது தார்ப்பாய் கிழிவது அரிது. கயிறு தளர்கிறது, முளை பிடுங்கிக்கொள்கிறது, அல்லது நடுவில் தண்ணீர் தேங்கிக் கூரை மொத்தமாக உட்காருகிறது. ஒரு போகத்து உழைப்பு அந்த ஒரு இரவில் போய்விடுகிறது.

மேலே போர்த்தினால் மட்டும் போதாதா?

நெல் காய்ந்திருந்தால் குவியல் மேலேயே தார்ப்பாயைப் போர்த்தி ஓரங்களில் பாரம் வைக்கலாம். ஆனால் இயந்திரத்தில் அறுத்த நெல் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்துடனேயே களத்துக்கு வருகிறது. அரசு நேரடி கொள்முதல் நிலையங்களிலோ, மத்திய அரசு விசேஷமாகத் தளர்வு தந்தாலன்றி, 17 சதவீத ஈரம்தான் உச்சவரம்பு. ஆக, நெல் சில நாட்கள் களத்தில் காத்திருக்க நேரிடுகிறது.

ஈர நெல் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. பிளாஸ்டிக் தார்ப்பாயை அதன்மேல் ஒட்டினாற்போல் மூடினால் உள்ளே வெக்கை ஏறும். அந்த ஆவி தார்ப்பாயின் அடிப்புறத்தில் பட்டு நீர்த்துளியாகி மீண்டும் நெல்லிலேயே சொட்டும். மழை ஒரு சொட்டும் இறங்காமலே மேல் நெல் நனைந்திருப்பதைக் காலையில் கண்டு பலர் தார்ப்பாயைக் குறை கூறுவதுண்டு. அது தார்ப்பாயின் குற்றமன்று, மூடிய முறையின் குற்றம். உறக்கநிலை இல்லாத ரகங்களாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் முளையும் கட்டிவிடும். அரிசி பழுப்பு நிறம் ஏறும்.

எனவே ஈர நெல்லுக்கு வேண்டியது போர்வை அல்ல, கூரை. நெல்லுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, ஓட்டு வீட்டுக் கூரை போல இருபுறமும் சரிவாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டும்போது பாரம் முழுவதும் கயிற்றின் மேல்தான் விழுகிறது.

கயிறுகளின் குணம்

கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் பார்ப்பது போதாது. நனைந்தால் என்ன ஆகும், வெயிலில் என்ன ஆகும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பருத்தி, சணல், கற்றாழை நார் ஆகியவற்றால் திரித்த கயிறு நனைந்தால் நார்கள் நீரைக் குடித்துப் பருக்கும். கயிறு பருக்கும்போது அதன் நீளம் குறையும். பகலில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சணல் கயிறு மழையில் மேலும் சுருங்கி, தார்ப்பாயின் கண்ணைப் பிய்த்துவிடும், இல்லாவிட்டால் முளையைப் பிடுங்கும். காய்ந்தபின் அதே கயிறு தொளதொளவென்று தொங்கும். இக்கயிறுகளை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்தும் போகும். மாடு கட்டவும் மூட்டை தைக்கவும் இவை ஏற்றவை. மழைக் கூரைக்கு ஏற்றவை அல்ல.

தென்னை நார்க் கயிறு இவற்றில் தனி ரகம். நீரில் எளிதில் மக்காது. சொரசொரப்பாக இருப்பதால் முடிச்சு வழுகாது. காற்று வெட்டி இழுக்கும்போது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரே குறை, மற்றக் கயிறுகளின் வலு வேண்டுமானால் இது இன்னும் தடிமனாக இருக்க வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள, முறுக்கு நன்றாக ஏறிய கயிறாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு பிரிகளுக்கு நடுவே ஆள்காட்டி விரல் எளிதில் நுழையுமானால் அது முறுக்குக் குறைந்த கயிறு.

அடுத்தது கடைகளில் “நைலான் கயிறு” என்று விற்கப்படுவது. பளபளப்பாக இருப்பதை எல்லாம் நைலான் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நைலான் அல்ல. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலித்தீன் இழையில் திரித்தவையே அதிகம். இதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. விரல் நீளத் துண்டை வெட்டி, பிரிகளைப் பிரித்து, ஒரு தம்ளர் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழ் போகும்படி பிசைந்து விட வேண்டும். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலித்தீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர்.

இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. உண்மையான நைலான் மிக வலுவானது, ஆனால் இழுத்தால் நீளும். நனைந்தால் இன்னும் நீளும். மாலையில் கச்சிதமாகக் கட்டிய கூரை நடுஇரவில் தொய்ந்து, நடுவில் குளம் கட்டுவதற்கு இதுவே காரணம். பாலியெஸ்டர் கயிறு நனைந்தாலும் அதிகம் நீளாது, வெயிலையும் தாங்கும். கூரைக்கு இதுவே சாலச் சிறந்தது. விலைதான் கூடுதல், எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. பாலிபுரொப்பிலீன் நீரைக் குடிக்காது, மக்காது, விலையும் மலிவு. ஆனால் வெயில் இதற்குப் பகை. இரண்டு கோடை வெயிலில் கிடந்த கயிற்றை முறுக்கிப் பார்த்தால் மாவு போல் தூள் உதிரும். தூள் உதிரும் கயிற்றைக் கூரைக்குப் பயன்படுத்தவே கூடாது. பார்வைக்குப் பருமனாக இருந்தாலும் அதன் வலு போய்விட்டது.

சிறு விவசாயிக்கு நடைமுறையில் ஏற்றது இதுதான்: முகட்டுக்கும் கம்பங்களை இழுத்துக் கட்டவும் 10 அல்லது 12 மி.மீ. பாலிபுரொப்பிலீன் கயிறு, ஓரங்களை முளையில் கட்ட 6 மி.மீ. கயிறு. முகட்டுக்குத் தென்னை நார்க் கயிறு கிடைத்தால் அதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தரமான புதிய 8 மி.மீ. பாலிபுரொப்பிலீன் கயிறு அறுவதற்கு ஏறத்தாழ 900 கிலோ இழுவிசை வேண்டும். ஆனால் முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலு பாதி வரை குறையும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கயிறாக இருந்தால் இன்னும் குறையும். ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்தக் கயிற்றையும் நம்பாமல் இருப்பது நல்லது.

இழுத்துக் கட்டினால் உறுதியா?

கயிற்றை வீணைத் தந்தி போல் விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று. இருபது அடி இடைவெளியில் இரு கம்பங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, நடுவில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். கயிறு நடுவில் 2 அடி தொய்ந்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 25 கிலோ இழுவை இருக்கும். 1 அடி மட்டுமே தொய்ந்தால் 50 கிலோ ஆகும். அரை அடிதான் தொய்வு என்றால் அதே 10 கிலோ எடை 100 கிலோவாக இழுக்கும். கம்பம் சாய்வதும் முளை பிடுங்குவதும் இதனால்தான்.

அதற்காகத் தொய்வாக விட்டுவிடவும் முடியாது. முகடு தொய்ந்தால் கூரையில் பள்ளம் விழும். இதற்கு வழி, நீள முகட்டுக்கு நடுவில் ஒரு கம்பம் கொடுப்பதே. இடைவெளி பாதியானால் அதே இழுவைக்குத் தொய்வும் பாதியாகிவிடும். நடுக் கம்பத்தின் தலையில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் பழந்துணி சுற்றிவிட்டால் தார்ப்பாய் குத்திக் கிழியாது.

தண்ணீரின் எடையைப் பலர் குறைவாக மதிப்பிடுகின்றனர். மூன்று அடி அகலத்தில் நடுவில் நாலு விரற்கடை ஆழத்துக்குத் தேங்கினாலே சுமார் 25 கிலோ ஆகிறது. அது மேலும் தார்ப்பாயை அமுக்க, அந்தப் பள்ளத்துக்கு மேலும் நீர் வந்து சேரும். 18 அடிக்கு 24 அடி தார்ப்பாயில் 25 மி.மீ. மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் விழுகிறது. அது நிற்காமல் ஓடிவிட வேண்டும்.

கட்டும் முறை

18 அடிக்கு 24 அடி தார்ப்பாயைக் கொண்டு விளக்கலாம். ஒன்பது அடி நீளச் சவுக்குக் கழி மூன்று தேவை. இரண்டரை அடி ஆழக் குழியில் நட்டு மண்ணைக் கெட்டித்தால் தரைக்கு மேல் ஆறரை அடி நிற்கும். கழியின் தலையில் கவை இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு வெட்டு விழுத்திக் கயிறு வழுகாதபடி செய்யலாம். இரு கடைக் கம்பங்களையும் வெளிப்புறமாகக் கயிறு கொண்டு இழுத்து முளையில் கட்ட வேண்டும். கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது முளை தள்ளி இருக்க வேண்டும். கம்பத்தின் காலடியிலேயே முளை அடித்தால் அது கம்பத்தை அமுக்குமே தவிரத் தாங்காது.

முகட்டுக் கயிறு ஆறடி உயரத்தில் ஓடட்டும். தார்ப்பாயின் 18 அடி அகலம் இருபுறமும் ஒன்பது ஒன்பது அடியாகத் தொங்கும். கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஏழரை அடி இடம் மூடப்படும். இந்தச் சரிவில் நீர் நிற்காது. நெல்லை நடுவில் நீளவாட்டில், இருபுறமும் மூன்று அடியாவது விட்டுக் குவிக்க வேண்டும்.

திசை முக்கியம். பருவமழைக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. எனவே முகடு வடமேற்கு–தென்கிழக்காக ஓட, சரிவான பக்கம் வடகிழக்கை நோக்கி இருக்க வேண்டும். திறந்த வாய் காற்றைப் பார்த்து இருந்தால் கூரை பாய்மரமாகிவிடும். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரைக்கு அருகே தாழ்த்தியும், எதிர்ப்பக்கத்தைச் சற்றுத் தூக்கியும் கட்டினால் மழைச்சாரல் புகாது, வெக்கையும் வெளியேறும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகவே புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கூரையைக் காப்பாற்ற முயலாமல், கழற்றி இறக்கிக் குவியலின் மேலேயே போர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு வீசி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்துவிடுவதே புத்திசாலித்தனம். ஒரு நாள் வெக்கையை நெல் பொறுக்கும். புயல் போனவுடன் திறந்து கிளறிவிட வேண்டும்.

முளையும் முடிச்சும்

முளைக்கு இரண்டரை அடி நீளமாவது வேண்டும். கருவேல், வேம்பு போன்ற கெட்டி மரமாக இருப்பது நலம். முளையின் தலை கூரைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். கயிற்றை முளையின் உச்சியில் கட்டுவது பெரிய தவறு. உச்சியில் கட்டினால் அது நெம்புகோல் போல் முளையைப் புரட்டிவிடும். தரையை ஒட்டியே கட்ட வேண்டும். டெல்டாக் களிமண் காய்ந்திருக்கும்போது முளையை இரும்பு போல் பிடிக்கும், நனைந்தால் வெண்ணெய் போல் விட்டுவிடும். எனவே முதல் முளைக்கு மூன்று அடி பின்னால் இரண்டாவது முளை அடித்து, முதல் முளையின் தலையை இரண்டாவதின் அடியோடு கட்டிவிட வேண்டும். மணல் பூமியில் முளை நிற்கவே நிற்காது. அங்கே ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடலாம்.

முடிச்சுகளில் மூன்று தெரிந்தால் போதும். கம்பத்தில் கட்ட, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்றை முதல் சுற்றுக்குக் குறுக்கே ஏற்றி, முனையை அந்தக் குறுக்குக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். மாடு கட்டுவோர் பலருக்கும் இது கைப்பழக்கம்.

முளையில் இழுத்துக் கட்டுவதற்கு லாரியில் பாரம் கட்டுவோர் போடும் முடிச்சு மிகவும் ஏற்றது. கயிற்றின் நடுப்பகுதியில் ஒரு சிறு கண் போட்டுக்கொண்டு, முனையை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்தக் கண்ணுக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்தால், ஒரு ஆள் இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கிடைக்கும். பிறகு கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்குப் போட்டு நிறுத்தலாம். கடைசிச் சுருக்கை முனை முழுவதும் இழுக்காமல் மடித்து உருவு முடிச்சாக விட்டால், இருட்டில் மழைக்கு நடுவே ஒரே இழுப்பில் அவிழ்த்து மறுபடி இறுக்கலாம். பிளாஸ்டிக் கயிறு வழுகும் தன்மை உடையது. அதில் ஒரு சுருக்கு கூடுதலாகப் போட்டு, ஒரு சாண் முனை மிச்சம் விட வேண்டும்.

மூன்றாவது, தார்ப்பாயின் வளையம் பிய்ந்துபோன இடத்துக்கு. பிய்ந்த இடத்துக்குச் சற்று உள்ளே தார்ப்பாயின் அடியில் எலுமிச்சை அளவு வழுவழுப்பான கூழாங்கல்லை வைத்து, துணியோடு சேர்த்துக் குடுமி போல் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினால் புதிய கண் கிடைத்துவிடும். தார்ப்பாயில் துளை போட்டுக் கயிறு கோப்பதைவிட இது எவ்வளவோ மேல். துளை அடுத்த காற்றில் கிழிசலாகும்.

வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வாரைக் கோத்துவிட்டால் காற்றின் வெட்டிழுப்பை ரப்பர் வாங்கிக்கொள்ளும், வளையம் பிழைக்கும். டியூபுக்குச் செலவும் இல்லை.

இரவுக் காவலுக்கு

கூரை கட்டியதும் அதைச் சுற்றி ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி நீரைத் தாழ்ந்த பக்கம் வடித்துவிட வேண்டும். தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழைய பாயோ இன்னொரு தார்ப்பாயோ விரித்து நெல்லைக் குவிப்பது நல்லது. காலை வெயில் வந்ததும் ஒரு பக்கத்து ஓரத்தை முகட்டின் மேல் சுருட்டி விட்டு, நெல்லைக் கிளற வேண்டும். குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்துப் பார்க்கும்போது வெதுவெதுப்பாக இருந்தால் உடனே பரப்பிவிட வேண்டும். நாற்றம் வரும்வரை காத்திருக்கலாகாது.

முகட்டுக் கயிற்றில் வழியும் மழைநீர் கயிற்றோடு ஓடி உள்ளே வந்து சொட்டும். கூரைக்கு வெளியே கயிற்றில் ஒரு முழ நூல் கட்டித் தொங்கவிட்டால் நீர் அந்த நூல் வழியே கீழே இறங்கிவிடும்.

களத்தில் காவலுக்குப் படுப்போர், பிளாஸ்டிக் தார்ப்பாய் சீக்கிரம் தீப்பற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே சிம்னி விளக்கோ, கொசுவுக்குப் புகை மூட்டமோ ஆகாது. இடி மின்னலின்போது இந்தக் கூரை யாருக்கும் பாதுகாப்பு அல்ல. வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் அதற்கடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியில் கம்பம் நடுவதும், இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாக முடியும். சாலையோரத்தில் நெல் காயவைப்போர் கூரைக் கயிற்றைச் சாலைப் பக்கம் இழுத்துக் கட்டலாகாது. இருட்டில் இருசக்கர வாகனத்தில் வருபவர் கழுத்தில் மாட்டும்.

அறுவடை முடிந்தபின் கயிற்றையும் தார்ப்பாயையும் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றின் முனைகளைத் தீக்குச்சியால் உருக்கிவிட்டால் பிரி அவிழாது. தென்னை நார்க் கயிற்றின் முனையை நூலால் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். தார்ப்பாயில் நெல் மணி ஒட்டிக்கொண்டிருந்தால் எலி தேடி வந்து மடிப்பு மடிப்பாகக் கடித்து வைக்கும். ஆகவே உதறித் துடைத்து, தரையில் போடாமல் பரணிலோ, கம்பியில் தொங்கவிட்டோ வைக்கலாம். புரட்டாசி பிறந்ததும் ஒருமுறை இறக்கி, கயிற்றை முறுக்கித் தூள் உதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டால், தேவையான கயிற்றை மழைக்கு முன்பே வாங்கிவிடலாம்.